டேப்பை எங்கே பிடிப்பது? மீண்டும் உடற்பயிற்சி தொடங்கியவர்களின் கேள்விகள்

மழை விட்டதும் பலர் மறுபடி நடக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சந்தோஷம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எடையையும் இடுப்பு அளவையும் பற்றியவை.

"இரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடி நடக்கிறேன், வீட்டில் ஸ்குவாட்டும் செய்கிறேன். மூன்று கிழமையில் ஒரு கிலோ கூடிவிட்டது. மனசே விட்டுப்போச்சு அக்கா." (ஹட்டன்)

விட்டுவிட வேண்டாம் தங்கச்சி. அந்த ஒரு கிலோவில் பெரும்பங்கு தண்ணீராகத்தான் இருக்கும். ஓய்ந்திருந்த தசைக்கு வேலை கொடுத்தால் அது கிளைக்கோஜன் என்ற மாச்சத்தைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். தசை நோகிற நாட்களில் அங்கே கொஞ்சம் நீர் கோர்க்கும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும், இரவு கருவாடு சாப்பிட்ட மறுநாளும் தராசு மேலேதான் காட்டும். அதனால் எடையைப் போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே இடுப்பு அளவையும் எழுதுங்கள். எடை அசையாமல் இடுப்பு குறைந்தால் உங்கள் உழைப்பு வீண்போகவில்லை.

"அளக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு வேறு வேறாக வருகிறது." (தலவாக்கலை)

பாவாடை கட்டும் இடம் வேறு, அளக்கும் இடம் வேறு. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பை விரலால் தேடுங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் டேப் வர வேண்டும். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் அளவைப் பாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முதுகுப் பக்கம் அது இறங்கிவிடும், நமக்குத் தெரியாது. கண்ணாடி முன் நில்லுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நம்ம குளிரில் சுவெட்டரைக் கழற்ற யாருக்கும் மனம் வராது. ஆனால் சுவெட்டருக்கு மேல் எடுத்த அளவு கம்பளியின் அளவையும் சேர்த்துத்தான் சொல்லும். காலையில் அடுப்பு எரியும்போது குசினியிலேயே அளந்துவிடுங்கள். கழிவறை போய் வந்த பிறகு, தேத்தண்ணிக்கு முன்.

டேப்பையும் ஒருமுறை சோதியுங்கள். பழைய துணி டேப் இழுபட்டுப் போயிருக்கும். பிள்ளையின் 30 செ.மீ. அடிமட்டத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு தடவை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவையும் எடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும், திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். தினமும் அளந்தால் மனம்தான் சோர்ந்துபோகும்.

"வயது 45, உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ. இடுப்பு மட்டும் 96. எடை சரியாக இருப்பதால் பயமில்லைதானே?" (நுவரெலியா)

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பதை எல்லையாகச் சொல்கிறார்கள். இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது என்பது இன்னொரு கணக்கு. உங்களுக்கு அது 84. நம்மில் பலர் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றுக்குள்ளே சேர்ந்திருக்கும். சீனி வருத்தமும் பிரஷரும் அதைத் தொடர்ந்து வரலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, கிழமைக்கு 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில் நடங்கள்.

"மேடு ஏறி நடப்பதால் கெண்டைக்கால் பெருத்துவிடுமா?" (பண்டாரவளை)

பயப்படும் அளவுக்குப் பெருக்காது. உறுதியாகும். அது நல்லதுதான்.

"அம்மாவுக்கு 63 வயது, கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். ஆறு மாதத்தில் 50 கிலோவிலிருந்து 47க்கு வந்துவிட்டார். சும்மா கோயில்வரை நடப்பதால்தான் என்கிறார். நல்லதுதானே?" (மஸ்கெலியா)

இல்லை மகள், இதை நான் நல்லதாக எடுக்க மாட்டேன். முயற்சி செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும். அம்மாவுக்கு ஆறு குறைந்திருக்கிறது. சீனி வருத்தம், தைராய்டு, காசநோய், சில நேரம் மெல்ல முடியாத பல், இப்படி எதுவாகவும் இருக்கலாம். வாழ்நாளெல்லாம் கூடை சுமந்த உடம்பில் தசை கரைவது வெளியே சட்டென்று தெரியாது. நாற்காலியில் உட்கார வைத்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே வந்தால் தசை குறைந்திருக்கலாம் என்பதற்கு அறிகுறி. ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, முட்டை, நெத்தலி, கடலை எதாவது தினமும் தட்டில் இருக்கட்டும். முதலில் இந்தக் கிழமையே டொக்டரிடம் கூட்டிப் போங்கள். எடை எழுதிய கொப்பியையும் மறக்காமல் கொண்டு போங்கள்.