போலீஸுக்கு முன் கேமரா போகலாமா? கேள்வி பதில்

பிரபலங்கள் மீதான பாலியல் புகாரை, போலீஸ் விசாரிக்கும் முன்பே ஆவணப்படமாக ஒளிபரப்புவது சரியா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் பிரிட்டன் நிகழ்வுகளைப் பற்றித்தான் கேள்விகள். செய்தி அறையில் இருந்தவன், ஊடகச் சட்டம் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சார், புகார் இருந்தால் போலீஸிடம் போகட்டுமே. டிவிக்கு இதில் என்ன வேலை? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

போனார்கள் ஐயா. பிபிசியின் பெரிய நட்சத்திரம் ஜிம்மி சாவிலை 2009இல் சர்ரே போலீஸார் விசாரித்தார்கள். எங்கே தெரியுமா? ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவருக்கென்று இருந்த அறையிலேயே. புகார் சொன்ன பெண்களிடம், வேறு பெண்களும் புகார் சொல்லியிருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தான் ஒருத்திதான் என்று நினைத்து ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொண்டார்கள். வழக்கே வரவில்லை. 2011 அக்டோபரில், 84 வயதில், புகழோடு இறந்தார்.

2012 அக்டோபர் 3 அன்று, பிரிட்டனின் தனியார் சேனலான ஐடிவியில் அவரைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. அப்புறம் சுமார் 450 பேர் முன்வந்தார்கள், 214 குற்றங்கள் பதிவாயின. போலீஸ் சொல்லாமல் விட்ட அந்த ஒரு விஷயத்தை, "நீ மட்டும் இல்லை" என்பதை, படம்தான் அவர்களுக்குச் சொன்னது.

செத்தவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். உயிரோடு இருப்பவரைப் பற்றி? (சட்டக் கல்லூரி மாணவி)

சரியான கேள்வி. பிரிட்டனில் இறந்தவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது. ஐடிவிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லியைப் பாருங்கள். 2008இல் ஒரு பாலியல் வழக்கில் குற்றவாளி இல்லை என்று விடுதலையானவர். 2019 ஜனவரியில் அவரைப் பற்றி ஆறு பகுதி ஆவணப்படம் வந்ததும், பாதிக்கப்பட்டவர்கள் முன்வர வேண்டும் என்று சிகாகோ அரசு வழக்கறிஞரே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே வழக்கு. 2022இல் வேறொரு வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் 30 ஆண்டு தண்டனை கொடுத்தது.

அண்ணா, சொல்வது தப்பாகிப் போனால்? ஒருத்தர் வாழ்க்கையே போய்விடுமே!

போகும் தம்பி. எனக்கு மிகவும் வலிக்கிற உதாரணம் பிபிசியின் நியூஸ்நைட் என்ற செய்தி நிகழ்ச்சி. 2011 டிசம்பரில் சாவில் பற்றிய விசாரணையைக் கைவிட்டது இதே நிகழ்ச்சிதான். மறு ஆண்டு நவம்பர் 2 அன்று, சிறுவயதில் காப்பகத்தில் இருந்தபோது ஒரு முன்னாள் மூத்த அரசியல்வாதி தன்னைக் கொடுமை செய்ததாக ஒருவர் சொன்னதை ஒளிபரப்பியது. பெயர் சொல்லவில்லை, ஆனால் இணையத்தில் மெக்கால்பைன் பிரபுவின் பெயர் பரவிவிட்டது. ஒரு வாரம் கழித்து அவருடைய புகைப்படத்தைப் பார்த்த அந்த மனிதர், "இவர் இல்லை" என்றார்.

ஒரே ஒரு புகைப்படம். படப்பிடிப்பு நாளில் அதை அவர் முன் வைக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மெக்கால்பைனுக்குப் போன் போட்டு விளக்கமும் கேட்கவில்லை. பிபிசி அவருக்கு 1,85,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது, பிபிசியின் தலைமை இயக்குநர் பதவி விலகினார். போலீஸுக்கு முன்னாலா பின்னாலா என்பதைவிட, இந்த ஐந்து நிமிட வேலை நடந்ததா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

போலீஸ் விசாரணை தொடங்கிவிட்டால் தைரியமாகப் போடலாம்தானே?

இல்லை. 2014இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் வீட்டில் போலீஸ் சோதனை நடந்ததை பிபிசி ஹெலிகாப்டரில் இருந்து காட்டியது. அவரைக் கைது செய்யவே இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை. 2018இல் நீதிமன்றம் 2,10,000 பவுண்டு இழப்பீடு விதித்தது. கைது நடந்தாலோ, வழக்கைப் பாதிக்கும் செய்திக்கு 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

லண்டனில் வேலை செய்கிறேன். பிரபலமான ஒருவர் எனக்குச் செய்ததைப் பற்றி நான் கேமரா முன் பேச வேண்டும் என்று ஒரு தயாரிப்பாளர் கேட்கிறார். பேசலாமா?

முடிவு உங்களுடையது அம்மா, அவசரப்படாதீர்கள். அங்கே உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பெயரை வாழ்நாள் முழுக்க வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பலாத்காரம் போன்ற குற்றங்களுக்குக் காலக்கெடுவும் கிடையாது, போலீஸுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். பேசுவதற்கு முன் தேதி, இடம், அப்போது யாரிடம் சொன்னீர்கள் என்பதை எழுதி வையுங்கள். ஒளிபரப்பாத பதிவையும் பின்னால் நீதிமன்றம் கேட்கலாம். அந்தத் தயாரிப்பாளர் உங்களிடம் சங்கடமான கேள்விகளைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமல் அழுகையை மட்டும் படமெடுக்க வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.