கிரீட்டில் ஒரு கீரைக்கட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். இந்த ஆகஸ்டில் கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போய் ஒரு வாரம் இருந்தோம். ஹானியா பக்கம் ஒரு கிராமத்தில் வீடு எடுத்துக்கொண்டோம். பகலெல்லாம் எலஃபோனிசி, பாலோஸ் என்று கடற்கரைகள். ராத்திரி வீட்டிலேயே சமையல். குக்கர், புளி, சாம்பார் பொடி எல்லாம் கொண்டுபோயிருந்தோம். ஒரு நண்பன் மட்டும் "இவ்வளவு தூரம் வந்தும் சாம்பாரா?" என்று தினமும் சண்டை. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கட்டு கீரை கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தால் நம்மூர் குப்பைக்கீரை! பூண்டு தாளித்துக் கடைந்தோம். "ஊரில் மாடு தின்பதை இங்கே நமக்குத் தருகிறார்கள்" என்றான் அதே நண்பன். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது.

போன இடத்திலும் நம் சாப்பாட்டையே சமைத்துச் சாப்பிட்டால் அந்த ஊரை இழந்துவிடுகிறோமா? மத்தியதரைக்கடல் உணவுதான் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, அதை நாங்கள் ஜெர்மனியிலும் தொடரலாமா? செலவைப் பங்கிட்டதில் இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் வேறு. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

எம்., ஸ்டுட்கார்ட்

அன்புள்ள தம்பி,

குக்கரைக் கொண்டுபோனதில் ஒரு தப்பும் இல்லை. பகலெல்லாம் உப்புத்தண்ணீரில் கிடந்துவிட்டு வந்தவர்களுக்குச் சோறும் சாம்பாரும் எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று தெரியாதா? ஒருவர் வெங்காயம் நறுக்க, இன்னொருவர் பாத்திரம் தேய்க்க, ஆறு பேர் ஒரே அடுப்படியில் இடித்துக்கொண்டு நிற்பது எத்தனை வயதுவரை வாய்க்கும்? வாய்க்கிறபோதே அனுபவித்துவிடுங்கள். செலவுக் கணக்கை உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுங்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் முடிகிற விஷயம்.

எனக்கு அந்தக் கீரைக்கட்டைத் தாண்டிப் போக முடியவில்லை. கொஞ்ச நாளாகவே அந்தக் கீரையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடற்கரைகளின் பெயரையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பாட்டியின் பெயரைக் காணோம். கேட்டீர்களா?

அவர் கொடுத்த கீரையை அங்கே 'வ்லீட்டா' என்பார்கள். நீங்கள் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறீர்கள், நம் குப்பைக்கீரையின் நெருங்கிய சொந்தம் அது. கிரீட்டின் கோடையில் மழை அநேகமாகக் கிடையாது, காட்டில் கீரை எதுவும் பச்சையாக இருக்காது. காய்கறிப் பாத்திக்குப் பாய்கிற தண்ணீரைக் குடித்துத் தானாக முளைக்கிற வ்லீட்டாவும் பருப்புக்கீரையும்தான் அப்போது முக்கியமாகக் கிடைக்கும் கீரை. பிஞ்சுச் சுரைக்காய் மாதிரி இருக்கும் சுக்கினியை முழுசாகப் போட்டு, அதே தண்ணீரில் இளந்தண்டோடு இந்தக் கீரையை வேகவைத்து வடித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி வெதுவெதுப்பாகச் சாப்பிடுவார்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு கிரீட் வீட்டில் சாப்பிடவேண்டியது எதுவோ, அதைத்தான் பாட்டி உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. சொல்லத்தான் வேண்டும்.

நான் கிரீட்டுக்குப் போனது பனிக்காலத்தின் கடைசியில், தோழிகளோடு. வெண்மலைகளின் உச்சியில் பனி இருந்தது, கீழே ஆலிவ் தோப்புகளில் மழை ஈரம். எங்களுக்கு வீடு கொடுத்தவரின் அம்மா ஒரு சின்னக் கத்தியும் பிளாஸ்டிக் பையுமாகக் கீரை பறிக்கக் கிளம்பினார், நாங்களும் பின்னாலேயே போனோம். எங்கள் கண்ணுக்கு எல்லாமே புல். அவர் குனிந்து, இலைகளை ஒரு கையால் கூட்டிப் பிடித்து, கத்தியை மண்ணுக்குள் கொஞ்சம் இறக்கி, வேர் தொடங்குகிற இடத்தில் அறுத்தார். இலை உதிராமல் பூப்போல முழுசாக வந்தது. காட்டு ராதிக்கியா, முள்ளுக்கு நடுவே வளர்கிற ஸ்டாம்னகாத்தி, சோம்பு வாசனையடிக்கும் மாரத்தோ. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பறிக்க மாட்டார். நாலு எடுத்தால் ரெண்டை விட்டுவிட்டு நகர்வார். வீட்டுக்கு வந்து தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவினோம். ஒவ்வொரு தடவையும் அடியில் மண் தங்கியது. அவர் விரலால் அடியைத் தடவிப் பார்த்து, தலையாட்டி, மறுபடியும் கழுவச் சொன்னார். வேகவைத்த தண்ணீரைக்கூடக் கொட்டவில்லை. எலுமிச்சை பிழிந்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். ஒரே கசப்பு.

அவர் மகள்தான் மொழிபெயர்த்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், மாவு இல்லாத நாட்களில், கீரை பறித்த அந்தப் பெரியம்மாவின் அம்மா இதைத்தான் வேகவைத்துப் போட்டாராம். 1941 மே 20 அன்று ஜெர்மன் பாராசூட் படைகள் கிரீட்டில் இறங்கின. கிரீஸ் நாட்டின் பெரும்பகுதி 1944 அக்டோபரிலேயே விடுபட்ட பிறகும், ஹானியா வட்டாரம் 1945 மே வரை ஜெர்மானியர் கையில்தான் இருந்தது. வீட்டு மாட்டையும் தானியத்தையும் யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். எந்த இலை உணவு, எந்த இலை விஷம் என்று தெரிந்த கண்ணை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

இப்போது உங்கள் இதயக் கேள்விக்கு வருகிறேன். போர் முடிந்து 1948-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கிரீட்டில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அங்கிருந்த வறுமையை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்பதற்காக. ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பயறு, கீரை, பழம், எப்போதாவது கொஞ்சம் இறைச்சி: இதுதான் மக்கள் சாப்பாடு. எது பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலான குடும்பங்கள் சொன்ன பதில் இறைச்சி. தங்கள் சாப்பாடு திருப்தியாக இருக்கிறது என்றவர்கள் மிகச் சிலர். பத்து வருஷம் கழித்து ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஏழு நாடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மாரடைப்புச் சாவு மிகக் குறைவாக இருந்தது கிரீட்டில். அவர்கள் எண்ணெயைக் குறைத்தவர்களும் இல்லை. உணவில் கிடைத்த சக்தியில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பு, அதில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய். அதிலிருந்துதான் உலகம் முழுக்க இந்தச் சாப்பாட்டுக்குப் புகழ். 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியாயிற்று.

அந்த மனிதர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த சாப்பாடு இல்லை அது. கிடைத்ததை வைத்து, கிடைக்காததை நினைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். ஹோட்டலில் தக்காளியும் மிசித்ரா பாலாடைக்கட்டியும் வைத்து உங்களுக்கு 'டாக்கோஸ்' தந்திருப்பார்கள். அதன் அடியில் இருக்கும் பார்லி ரொட்டி ஏன் கல்லு மாதிரி இருக்கிறது? விறகு கிடைப்பது கஷ்டம். தினமும் அடுப்பைச் சூடாக்க முடியாதவர்கள் மொத்தமாகச் சுட்டு, மறுபடியும் காயவைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். தண்ணீரில் நனைத்தால்தான் பல்லுக்கு இறங்கும். அதோடு ஆண்டில் கிட்டத்தட்ட பாதி நாட்கள் சர்ச் விரதம், இறைச்சி கிடையாது. மேடு ஏறி இறங்கி நாள் முழுக்கத் தோட்ட வேலை. இவ்வளவையும் விட்டுவிட்டு எண்ணெயையும் எலுமிச்சையையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கிரீட்காரர்களின் இதயம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில், ஐப்பசி மழைக்குப் பிறகு பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும்தான் குழம்பு. களையெடுக்கப் போன இடத்தில் மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வாசலில் யாராவது விருந்தாளி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், கீரைச் சட்டியை அடுப்புக்குப் பின்னால் தள்ளி முறத்தால் மூடிவிடுவாள். நாங்கள் இதைத்தான் தின்கிறோம் என்று யாருக்கும் தெரியக்கூடாது. அக்கம்பக்கத்தில் கடன் வாங்கியாவது முட்டை பொரிப்பாள். சாகிறவரை அந்தக் கூச்சம் அவளை விட்டுப் போகவில்லை. எந்தக் கீரை எந்த மண்ணில் வரும், எதோடு எதைச் சேர்த்தால் கசப்பு அடங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததை அவளும் சொல்லித்தரவில்லை. கௌரவமான படிப்பு இல்லையே அது.

உங்கள் நண்பனின் "மாடு தின்பது" என்ற பேச்சு என் பாட்டி வாழ்நாள் முழுக்கப் பயந்த பேச்சு. கிரீட் பாட்டி எதையும் மூடி வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஆறு பேருக்குத் தன் பாத்தியில் முளைத்ததைப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

ஆனால் பூண்டு தாளித்துக் கடைந்தீர்கள் பாருங்கள், அதற்காக உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு கிண்ணம் அவருக்கும் கொடுத்துவிட்டிருக்கலாம். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

ஸ்டுட்கார்ட்டில் துருக்கிக்காரர் கடைகளில் கோடையில் பருப்புக்கீரை கட்டுக்கட்டாகக் கிடைக்கும், வாங்குங்கள். தண்டையும் தூக்கிப் போடாதீர்கள். அப்புறம், மறுபடியும் கிரீட்டுக்குப் போவதாக இருந்தால் ஆகஸ்டில் போகவேண்டாம். பிப்ரவரியில் போங்கள், அப்போதுதான் தோப்புக் கீரை வந்திருக்கும். வீட்டு வாடகையும் குறைவு. கடலில் குளிக்க முடியாது, பரவாயில்லை. காலையில் அந்தப் பாட்டியோடு ஆலிவ் தோப்புக்குப் போய்ப் பறிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், சண்டை போட்ட நண்பனையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்,
அக்கா