கல்குலேட்டருக்கு 10, பைத்தானுக்கு 16.0

கேள்வி: மகனுக்குத் துணையாக நானும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்று வருகிறேன். இருவர் சாப்பிட்ட நாசி கண்டார் 12 ரிங்கிட், பானங்கள் 8 ரிங்கிட். ஒருவரின் பங்கை அறிய 12 + 8 / 2 என்று தட்டினேன். எங்கள் கடைக் கல்குலேட்டர் 10 என்கிறது, பைத்தானோ 16.0 என்கிறது. எது சரி? அந்தப் புள்ளியும் சுழியமும் எதற்கு?
- ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்களுக்கு வேண்டிய விடை 10 என்றாலும், நீங்கள் எழுதிய கோவையின் மதிப்பு 16தான். கடைகளில் இருக்கும் சாதாரணக் கல்குலேட்டர், வகுத்தல் பொத்தானை அழுத்திய கணமே 12ஐயும் 8ஐயும் கூட்டி 20 ஆக்கிவிடுகிறது; பின்னால் என்ன வரப்போகிறது என்று அது காத்திருப்பதில்லை. பைத்தான் அப்படியன்று. முழு வரியையும் படித்து, எந்தச் செயற்குறி எந்த எண்ணுக்கு உரியது என்று தீர்மானித்த பிறகே கணக்கைத் தொடங்குகிறது. கூட்டலைவிட வகுத்தலுக்கு முன்னுரிமை அதிகம் என்பதால், நடுவில் நிற்கும் 8ஐ வகுத்தல் குறியே எடுத்துக்கொள்கிறது. (12 + 8) / 2 என்று எழுதியிருந்தால் 10.0 கிடைத்திருக்கும்.

அந்தப் புள்ளிக்குக் காரணம் வேறு. 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல், முழு எண்களை / குறியால் வகுத்தால், மீதியின்றி வகுபட்டாலும், விடை தசம எண்ணாகவே வரும். அதற்கு முந்தைய பைத்தான் 2இல் 21 / 2 என்பது 10. சி மொழியில் இன்றும் அவ்வாறே. முழு எண்ணாகவே வேண்டுமென்றால் // என்ற செயற்குறி இருக்கிறது. ஆனால் 21 ரிங்கிட் பில்லை அதனால் பங்கிட்டால் தலைக்கு 50 சென் காணாமற்போகும் என்பதால், பணக் கணக்கில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும் // எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்கும்: -21 // 2 என்பதற்குப் பைத்தான் தரும் விடை -11. சி மொழியில் -21 / 2 என்பது -10.

நீங்கள் எக்செல் பயன்படுத்துபவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் நானே ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன். எக்செலில் -3^2 என்பது 9, பைத்தானில் -3 ** 2 என்பது -9 (^, ** இரண்டும் அடுக்குக் குறிகள்). எக்செல் கழித்தல் குறியை முதலில் 3உடன் சேர்த்துவிடுகிறது. பைத்தான் 3ஐ வர்க்கமாக்கிய பிறகே குறியை இடுகிறது. எக்செல் கட்டத்திலிருந்து அத்தகைய வாய்பாட்டைப் பைத்தானுக்கு மாற்றும்போது (-3) ** 2 என்று எழுதுங்கள்.