வெள்ளி ரிஃப்ளெக்டர்

அன்புள்ள ஐயா,

நான் வார இறுதிகளில் மட்டும் புகைப்படம் எடுப்பவன். இரண்டு ஆண்டுகளாக, பெரும்பாலும் என் தங்கையை வைத்து, திறந்தவெளியில் முகப்படங்கள் எடுத்துப் பழகிவருகிறேன். என்னிடம் ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார் கொண்ட தொடக்கநிலைக் கேமரா ஒன்றும், 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸும், வெயிலை முகத்தின்மேல் திருப்பிவிடும் வெள்ளி நிற ரிஃப்ளெக்டர் ஒன்றும் இருக்கின்றன. காலை பதினொரு மணிக்குமேல்தான் எங்கள் இருவருக்கும் நேரம் ஒழிகிறது. கண்குழியில் கருநிழல் விழுகிறது. ரிஃப்ளெக்டரால் அதை நீக்கினால் கண்கள் சிறுத்துத் தெரிகின்றன. எடிட்டிங்கில் சரிசெய்ய ஒரு படத்துக்கு இரண்டு மணிநேரம் ஆகிறது. பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கும் 85 எம்.எம். எஃப் 1.4 லென்ஸுக்கும் மாறினால் இச்சிக்கல் தீருமா? அல்லது ஃபிளாஷ் வாங்கலாமா? தங்கை இப்போதெல்லாம் தலைவலி என்று சொல்லி வர மறுப்பதால், அடுத்தமுறை அவளைக் கூப்பிடுவதற்குள் முடிவெடுக்க விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்காக இதை எழுதவில்லை. கடைசி வரியில் போகிறபோக்கில் ஒரு தலைவலியைக் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அதற்காக எழுதுகிறேன். சில வாரங்களாக என் பழைய படங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

கருவிகளின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் சென்சாரில் 50 எம்.எம். லென்ஸ் ஏறத்தாழ 75 எம்.எம். லென்ஸின் பார்வைக்கோணத்தைத் தருகிறது. முகப்படத்துக்கு அது தாராளம். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக ஒளியை உள்ளே விடும். வெயிலில் எஃப் 16, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/100 நொடி என்பது ஃபிலிம் காலத்துப் பாலபாடம். அதே வெயிலில் எஃப் 1.8-க்கு வந்தால் 1/8000 நொடி தேவைப்படும். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவும் 1/4000-இலேயே நின்றுவிடும். இருக்கிற லென்ஸையே முழுதாகத் திறக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு, அதைவிட அகலமாகத் திறக்கும் லென்ஸைக் கேட்கிறீர்கள். ஃபிளாஷ் வாங்கினாலும், பெரும்பாலான கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250 நொடி வரைதான் ஷட்டரோடு இயல்பாக ஒத்துப்போகும். அதற்குமேலும் இயங்கும் வசதி உண்டென்றாலும் அதில் ஃபிளாஷின் வலு வெகுவாகக் குறைந்துவிடும். எடிட்டிங் பற்றி எனக்கு ஆர்வமில்லை. சிறுத்த கண்ணை மென்பொருளால் பெரிதாக்க முடியும். பெரிதாக்கியபின் அது உங்கள் தங்கையின் கண்ணாக இருக்காது, அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கண்ணுக்கு வருவோம். சூரியன் உச்சியை நெருங்கும்போது புருவமேடு கண்குழியின்மேல் நிழலைப் போடுகிறது. அந்நிழலைப் போக்க நீங்கள் கீழிருந்து வெள்ளி ரிஃப்ளெக்டரைக் காட்டுகிறீர்கள். வெள்ளிப் பரப்பு வெயிலைக் கிட்டத்தட்ட கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புவது. மேலே ஒரு சூரியன் இருக்க, புருவத்தின் காவல் இல்லாத திசையிலிருந்து இரண்டாவது சூரியன் ஒன்றை அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் நீங்கள் ஏற்றுகிறீர்கள். கண்ணின் பாவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்குச் சுருங்குகிறது. அதுவும் போதாமல் இமை இடுங்குகிறது, கன்னம் மேலேறுகிறது, நெற்றி நெரிகிறது, கண்ணுக்குக் கீழே கோடுகள் விழுகின்றன. அதே கோடுகளைத்தான் இரவெல்லாம் உட்கார்ந்து இரண்டு இரண்டு மணிநேரமாக அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்களே வரைந்தவை ஐயா அவை.

உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இந்தத் தவறைச் செய்தவன் என்ற தகுதி உண்டு. என் இருபத்தைந்தாவது வயதில் முதியவர் ஒருவரை வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் படமெடுத்தேன். உதவிக்கு வந்த நண்பன் வெள்ளி ரிஃப்ளெக்டரைப் பிடித்திருந்தான். நான் ஃபோகஸைத் திருத்துவதும் லென்ஸின் திறப்பான அப்பெர்ச்சரை மாற்றுவதும் திரையைப் பார்ப்பதுமாகக் கால்மணி நேரம் கழிந்திருக்கும். திடீரென்று அவர் கண்கள் நிறைந்து ஒரு துளி கன்னத்தில் இறங்கியது. பழைய நினைவு ஏதோ அவரை உலுக்கிவிட்டது என்று எண்ணி மளமளவென்று எடுத்துத்தள்ளினேன். அந்தப் படத்தைப் பார்த்த அத்தனை பேரும் முதியவரின் பார்வையில் தேங்கியிருக்கும் துயரத்தைப் பற்றியே பேசினார்கள். நானும் பேசினேன். பிரதியைக் கொடுக்கச் சென்றபோதுதான் அவர் மகள் சொன்னார், அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன என்று. ஏன் ஐயா அப்போதே சொல்லவில்லை என்று முதியவரிடம் கேட்டேன். படம் எடுப்பதென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் தம்பி, என்றார்.

நான் அண்ணன் என்று அழைத்துவந்த மூத்த புகைப்படக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நடுப்பகலில் ஒரு முக்காலியில் என்னை உட்காரவைத்து, அதே ரிஃப்ளெக்டரை என் முகத்துக்குத் திருப்பி, சிரி என்றார். ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. கண்ணை மூடவைத்து, மூன்று எண்ணித் திறக்கச்சொல்லும் உத்தி ஒன்று உண்டல்லவா, அதையும் செய்துகாட்டினார். திறந்தவுடன் ஒரு படம் கிடைக்கும். அடுத்ததற்குள் கண் கலங்கிவிடும்.

உங்கள் தங்கை சொல்வது சாக்கு என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் நம்பியதாகவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளில் எத்தனை மணிநேரம் அவர் அந்த வெளிச்சத்தில் நின்றிருப்பார் என்று கூட்டிப் பார்த்தீர்களா?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் எடுத்த முகப்படங்கள் திறந்தவெளியில், இயற்கை ஒளியில் எடுக்கப்பட்டவை. அவற்றில் வெயில் கிடையாது. பின்னால் வெள்ளைத்தாளைக் கட்டி, நிழலில் நிறுத்தித்தான் எடுத்தார். 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், அதன் பக்கத்தில் நின்று எதிரில் இருப்பவரைப் பார்த்தபடியே எடுத்தார். அந்த முகங்களில் வெயிலின் வடு நிறைய உண்டு. ஆனால் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கச் சிரமப்படுவதாகத் தோன்றாது.

பதினொரு மணி உங்களுக்கு எதிரி இல்லை. கட்டடத்தின் நிழல் ஒன்றைத் தேடி, அதன் விளிம்புக்கு ஓரடி உள்ளே, சூரியன் தெரியாத திசையின் வானத்தைப் பார்க்கும்படி தங்கையை நிறுத்துங்கள். கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவர் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் மேற்பகுதியில் வானம் வெள்ளைத் திட்டாகத் தெரியும், இமை தளர்ந்திருக்கும். படம் நீலம் பாய்ந்தால், நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 7000 கெல்வினுக்குப் பக்கத்தில் வைத்துப்பாருங்கள். மரத்தடி வேண்டாம், இலைகளின் பச்சை தோலில் ஏறும், ஊடே விழும் வெயில்புள்ளிகள் முகத்தைத் துண்டாக்கும்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அடுத்தமுறை கேமராவைத் தங்கையிடம் கொடுத்து, வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில், ரிஃப்ளெக்டரோடு உங்களை எடுக்கச் சொல்லுங்கள். ஃபோகஸ் பிடிக்க அவருக்கு நேரமாகும், அவசரப்படுத்தாதீர்கள். லென்ஸ் வாங்குவதைப் பற்றி, அந்தப் படங்களையும் இணைத்து, பிறகு எழுதுங்கள்.