பாலையா கேட்ட பாட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் குணச்சித்திர நடிகர்களைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான்.

கேள்வி: என் அப்பாவுக்கு எழுபது வயது. "நடிகன்னா டி.எஸ்.பாலையாதான்" என்று சொல்லி எல்லாரோடும் சண்டை போடுவார். பெரும்பாலும் வில்லன், அப்பா, பக்கவேடம் என்று நடித்த ஒருவரை அப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம் இல்லையா? (வில்லியனூர் வாசகர்)

அதிகமே இல்லை. அப்பா பக்கம்தான் நானும்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் அவருக்குக் கதை சொல்கிற காட்சி எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் நாம் சிரிப்பது நாகேஷைப் பார்த்து மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். அவருக்கு வசனம் கொஞ்சம்தான். சரி, பையன் ஏதோ சொல்கிறான், கேட்டுவைப்போம் என்று உட்கார்ந்திருக்கிற மனுஷன், கதை நகர நகரத் தன் வீட்டுக்குள்ளேயே பேய் வந்துவிட்டது போல ஆகிப்போகிறார். அந்த பயம் அங்கே வராவிட்டால் நாகேஷ் என்ன சத்தம் போட்டாலும் காட்சி எழும்பாது. இதை நாகேஷின் பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை, பந்து போடுகிறவருக்கு எதிரில் மட்டை பிடிக்க ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த வருடமே 'திருவிளையாடல்' (1965). ஹேமநாத பாகவதராக பாண்டியன் சபைக்கு வந்து "ஒருநாள் போதுமா" என்று பாடுகிறபோது (குரல் பாலமுரளிகிருஷ்ணா) அந்தத் தோள், அந்தக் கழுத்து, எல்லாவற்றிலும் கர்வம். அப்புறம் ராத்திரி விறகுவெட்டியாக வந்த சிவன் பாடுவது காதில் விழுகிறது. சிவாஜி பாடுகிறார், பாலையா கேட்கிறார். கேட்டுக் கேட்டே அந்த ஆள் சிறுத்துப்போகிறார். எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த நடிப்பு அதுதான். யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் பாலையா செய்தது ஒரே வேலை: எதிராளி சொல்வதை உண்மையாகக் காது கொடுத்துக் கேட்டார். 1936-இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கி 1972-இல் கண்ணை மூடுகிற வரை எத்தனையோ கதாநாயகர்கள் வந்து போனார்கள், அத்தனை பேருக்கும் எதிரில் அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அப்பாவிடம் இனிமேல் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: வி.கே.ராமசாமி இளைஞனாக நடித்து நான் பார்த்ததே இல்லை. பிறக்கும்போதே கிழவரா? (நெல்லிக்குப்பம் வாசகி)

கிட்டத்தட்ட அப்படித்தான்! 1926-இல் பிறந்தவர், 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் வயதான சண்முகம் பிள்ளையாக நடித்தார். இருபத்தொரு வயதில் கிழவர். சின்ன வயதிலிருந்து நாடகக் கம்பெனியில் புழங்கிய உடம்பு என்பதால் நடையையும் தொண்டையையும் மாற்றிக்கொள்ள அவருக்கு நரைத்த முடி தேவைப்படவில்லை. அந்த ஒரு வேடம் அவரை முப்பது, நாற்பது வருடம் காப்பாற்றியது, ஏனென்றால் இளமை போய்விடுமே என்று பயப்படவேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை.

கேள்வி: கருவடிக்குப்பம் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அங்கே நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் நம் ஊருக்கு எப்படி வந்தார்? (முத்தியால்பேட்டை வாசகர்)

நாடகத்தோடு வந்தார், நாடகத்தோடு முடிந்துபோனார். 1867-இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் நாடக உலகில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கேதான் அவரிடம் பாடம் கேட்டார்கள். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஊர் ஊராக எழுதிக் குவித்த, பையன்களுக்குப் பாட்டும் வசனமும் வாயால் சொல்லிக்கொடுத்தே பழகிய மனிதருக்குப் பேச்சு போவதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது? அந்த நிலையிலும் கம்பெனியை விட்டு அவர் பிரியவில்லை. 1922 நவம்பர் 13, புதுச்சேரியில் காலமானார். இப்போதும் நாடகக்காரர்கள் அந்தச் சமாதிக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்று. எழுத்தாளர் என்று மட்டுமே அவரை நாம் சொல்கிறோம். அவர் மேடையில் ஏறியவர், அதுவும் எமன், சனீஸ்வரன், இரணியன், இராவணன் என்று ஜனங்கள் நடுங்குகிற வேடங்கள். அப்படி ஒரு வேடத்தைப் பார்த்து மிரண்ட ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அன்றோடு வேடம் கட்டுவதை விட்டார் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். ராஜபார்ட் (கதாநாயக வேடம்) கட்டாத ஒருவர்தான் தமிழ் நாடகத்துக்கே தலைமை ஆசிரியர். அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் உள்ளே போய்வாருங்கள். பாரதி உலாவிய குயில் தோப்பும் அதே கருவடிக்குப்பத்தில்தான், ஒரே நடையாக இரண்டையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: என் தாத்தா கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். சொந்தக்காரர்கள் "கோமாளி பேரன்" என்று கேலி செய்வார்கள். அதெல்லாம் நடிப்பில் சேருமா? (பண்ருட்டி வாசகர்)

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். உங்கள் தாத்தாவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சின்ன வயதில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது, கூத்து தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விடுவேன். வேஷம் கட்டுகிற இடத்தில் பாய் விரித்து, கண்ணாடித் துண்டை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்திருப்பார்கள். துரியோதனன் கட்டுகிறவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசி, மீசை எழுதி, புள்ளி வைத்து, அப்புறம் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். கட்டியக்காரரோ அதுவரை ஜமா ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு, முகவீணைக்காரரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு சுற்றுவார். கடைசியில் வந்து உட்கார்ந்து கொஞ்சம் முத்துவெள்ளை, கன்னத்தில் இரண்டு பொட்டு, ஒரு குல்லா. பத்து நிமிஷம். "அவ்ளோதானா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "தம்பி, எனக்கு மூஞ்சில எழுதினா அழிக்க நேரம் இருக்காது, ராத்திரி நான் ஏழு பேரு" என்றார்.

அன்றைக்கு விடிகிறவரை எண்ணிப் பார்த்தேன், நிஜமாகவே ஏழு. திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற ராஜாவை "ஐயா, தாங்கள் யார், எந்த தேசம்?" என்று கேட்டு சபைக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். காவல்காரர், தேரோட்டி, சேவகன், தூது போகிறவர், நடுவில் ஒரு கிழவி எல்லாம் அவரே. துரியோதனனுக்கு மூச்சு வாங்குகிறபோது உள்ளே புகுந்து முன்வரிசையில் தூங்குகிற நாட்டாமையை வம்புக்கு இழுத்து, அவர் ஒரு வாய் சோடா குடிக்கிற நேரத்தை வாங்கிக் கொடுப்பார். துகில் உரிகிற இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாகப் போய் நின்றார். ராத்திரி முழுக்க நம்மைச் சிரிக்கவைத்த ஆள் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றதும், மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அழ ஆரம்பித்தார்கள். எங்கே பேச வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சினிமாவில் குணச்சித்திர நடிகர் என்று இன்று நாம் யாரைச் சொல்கிறோமோ அவருக்கெல்லாம் பாட்டன் இந்தக் கட்டியக்காரன்தான் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரே ஆள் பல உயிர், அலங்காரம் குறைவு, கதையை விழாமல் தாங்குகிற வேலை. கேலி செய்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தாத்தாவின் குல்லாவோ சலங்கையோ வீட்டில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: நான் மஞ்சக்குப்பம். எங்கள் ஊர் எழுத்தாளர் ஜெயகாந்தனுக்கும் நடிகர் எஸ்.வி.சுப்பையாவுக்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே? (கடலூர் வாசகர்)

உண்டு. ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதையை 'காவல் தெய்வம்' (1969) என்று படமாகத் தயாரித்தவர் சுப்பையா. ஜெயில் சூப்பரிண்டெண்ட் வேடமும் அவரே. கௌரவ வேடத்தில் சிவாஜி வருவார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் படத்தில் அப்பாவாகவும் அண்ணனாகவும் நின்ற ஒரு நடிகர், கையிலிருந்ததைப் போட்டுப் படம் எடுக்கும்போது ஒரு நல்ல கதையைத் தேடிப் போனார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் பாரதியும் அவர்தான். புதுச்சேரியில் பத்து வருடம் வாழ்ந்த பாரதியை நினைத்தால் என் தலைமுறைக்காரர்களுக்கு சுப்பையாவின் முகமும் கூடவே வந்துவிடும். 'ஆதி பராசக்தி'யில் "சொல்லடி அபிராமி" பாடுகிற பட்டரும் அவரே.

கேள்வி: என் மகன் பி.காம் முடித்துவிட்டான். ஹீரோ ஆக வேண்டாமாம், பசுபதி மாதிரி, டெல்லி கணேஷ் மாதிரி நடிகன் ஆக வேண்டுமாம், சென்னைக்குப் போகிறேன் என்கிறான். ஒரே பிள்ளை. பயமாக இருக்கிறது. என்ன சொல்வது? (அரியாங்குப்பம் வாசகி)

அம்மா, முதலில் ஒன்று. "ஹீரோ ஆக வேண்டாம்" என்று ஒரு பையன் சொல்கிறான் என்றால் அவனுக்கு இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சமாவது புரிந்திருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்படுங்கள்.

பயமும் நியாயம்தான். அவன் பெயர் சொன்ன இரண்டு பேரையுமே எடுத்துக்கொள்வோம். டெல்லி கணேஷ் பத்து வருடம் விமானப் படையில் சம்பளம் வாங்கியவர், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடையேறி, அப்புறம்தான் பாலசந்தர் கண்ணில் பட்டு 'பட்டினப் பிரவேசம்' படத்துக்கு வந்தார். 2024 நவம்பரில் இறக்கும்போது நானூறு படங்களுக்கு மேல் நடித்திருந்தார். பசுபதி, ந.முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் வருடக்கணக்கில் உடம்பையும் குரலையும் பழக்கியவர். உங்கள் மகன் பி.காம் என்பதால் இதையும் சொல்கிறேன்: அதே கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்து, நடிகர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் விஜய் சேதுபதி. அவரும் பி.காம்தான். யாருக்கும் நேராக ஸ்டூடியோ வாசலில் கதவு திறக்கவில்லை.

அதனால் சென்னைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் காலாப்பட்டுக்கு டவுன் பஸ் ஏறச் சொல்லுங்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, டிகிரி முடித்தவர்களுக்கு நாடகக் கலையில் முதுகலை படிக்கலாம். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே நடிப்பு படிக்கிற வசதி எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? எப்போது விண்ணப்பம், என்ன நுழைவுத் தேர்வு என்பதை அவனே நேரில் போய்க் கேட்டு வரட்டும். அந்த அலைச்சலுக்குச் சோம்பல் பட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

பண விஷயம். "வாய்ப்பு வாங்கித் தருகிறேன், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இவ்வளவு கட்டுங்கள்" என்று எவர் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நடிகனுக்குத்தான் சம்பளம் கொடுப்பார்கள், நடிகன் கொடுப்பதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் புதுச்சேரியில் நடந்த ஒரு படப்பிடிப்பில் தபால்காரராக நின்றேன். விடியற்காலை நாலு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வரச் சொன்னார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "சார், ரிஜிஸ்டர் போஸ்ட்" ஒரே வரி. படத்தில் அந்த வரியும் இல்லை, பேசிய பணமும் வரவில்லை. கம்பெனி பெயர் இப்போது எதற்கு? ஆனால் அன்று பதின்மூன்று மணி நேரம் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பழைய நாடக நடிகர் இருந்தார், அவருக்கும் அன்று ஒரே வரிதான். அதை அவர் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி, ஒருமுறை அவசரமாக, ஒருமுறை தயங்கி, ஒருமுறை எதிரில் இருப்பவர் காது மந்தமானவர் என்பது போல. மத்தியானம் பொட்டலச் சாப்பாடு வந்தபோதுகூட சட்டையில் குழம்பு படாமல், கர்ச்சீப்பை மடியில் விரித்துச் சாப்பிட்டார். கண்டினியூட்டி கெட்டுவிடுமாம், அதாவது ஒரு ஷாட்டில் இருந்த சட்டை அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டுமாம்.

உங்கள் மகனை அப்படி ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் ஷூட்டிங்குக்கா பஞ்சம், வெள்ளைக்காரத் தெருப் பக்கம் அடிக்கடி ஏதாவது ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓரமாக நின்று ஹீரோவைப் பார்க்காமல், பின்னால் நாற்காலி இல்லாமல் நிற்பவர்களைப் பார்க்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள் அம்மா, காத்திருக்கிறேன்.