ரியூனியன் தீவின் பனிச்சிகரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் உயர்ந்த மலைக்கு ‘பனிச்சிகரம்’ என்று பொருள்படும் பெயராமே, அங்கே பனி பெய்யுமா? (வாசகி, காரைக்கால்)

பெய்யும், ஆனால் எப்போதோ ஒருமுறைதான். பிட்டோன் தெ நேஜ் என்ற அந்த மலை 3,070 மீட்டர் உயரம். அங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் உச்சியில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பாறைக் குழியில் தேங்கிய நீர் கண்ணாடிச் சில்லுபோல் உறைந்து கிடக்கும். ஆனால் அந்த மாதங்களில் உச்சிக் காற்று வறண்டிருக்கிறது. மழை கொட்டும் ஜனவரி, பிப்ரவரியிலோ குளிர் போதாது. ஈரமும் குளிரும் ஒருசேர வாய்த்தால்தான் வெண்பனி.

கேள்வி: எரிமலை என்கிறார்கள். படத்தில் கூம்பையே காணோமே? (வாசகர், தஞ்சாவூர்)

கூம்பு இடிந்துபோய்விட்டது. இந்த மலையின் சிறப்பே அதுதான். சுமார் 4,000 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து எழுந்த எரிமலை இது; கடலுக்கு மேல் தலைகாட்டி இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. நெருப்பு கக்குவதை நிறுத்தி 12,000 ஆண்டுகளாவது இருக்கும். (இன்றும் அடிக்கடி குமுறுவது தென்கிழக்கிலுள்ள ஃபூர்னேஸ் என்ற வேறொரு எரிமலை.) அடிப்பகுதிப் பழைய பாறையைச் சூடான நீர் ஊறவைத்துக் களிமண்போல் இளக்கிவிட்டது. மேலே கிடந்த கனமான லாவா அடுக்குகள் அதன்மேல் வழுக்கிச் சரிந்தன; மிச்சத்தை ஆறுகள் அரித்தன. 1966 ஜனவரியில் இதே தீவின் ஃபோக்ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது. அது உலக சாதனை. அப்படிப்பட்ட மழைக்கு எந்த மலைதான் தாங்கும்!

விளைவு: சிகரத்தைச் சுற்றி வில்வ இலைபோல் மூன்று பெரும் பள்ளங்கள் – சலாஸி, சிலாவோஸ், மஃபாத். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 கி.மீ. அகலம், சுற்றிலும் செங்குத்துச் சுவர். மஃபாத்துக்குச் சாலை கிடையாது. நடக்க வேண்டும், இல்லையேல் ஹெலிகாப்டர். சிலாவோஸில் வெந்நீர் ஊற்று உண்டு. ஈரம் மிகுந்த சலாஸியில் பந்தல் பந்தலாக ‘ஷுஷு’ காய்க்கிறது. வேறொன்றுமில்லை, நம் சௌசௌதான். 2010 முதல் இந்த நிலப்பரப்பு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: மேலே என்ன மரங்கள்? (வாசகர், ஊட்டி)

உங்கள் ஊரில் வாட்டில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாதிதான் அங்குள்ள ‘உயர்நிலத் தமாரின்’. கன்றில் புளியிலைபோல் சிற்றிலைகள். வளர்ந்தபின் காம்பே தட்டையாகி அரிவாள்போல் வளைந்த இலையாகிவிடும். சில கிளைகளில் இரண்டையும் சேர்த்தே காணலாம். மரபணு ஆய்வின்படி இதன் நெருங்கிய உறவு ஹவாயின் ‘கோவா’ (koa) மரம். விதை அத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறது என்பது எத்தனை வியப்பு! அதற்கும் மேலே ஊசிபோல் இலையுள்ள குறும்புதர், அப்புறம் வெறும் எரிமலைக் கல்.

கேள்வி: ஏற எத்தனை நேரம்? (வாசகர், சென்னை)

சிலாவோஸ் பக்கம் லெ புளோக் என்ற இடத்தில் (சுமார் 1,380 மீ.) தொடங்குங்கள். 2,478 மீட்டரில் உள்ள தங்குகுடில் வரை மூன்றரை மணி நேரம். படுக்கையை முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் உச்சி. பலர் தவறுவது இங்கேதான்: ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம்; புயல் மாதங்களில் போகாதீர்கள். இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர், நெற்றி விளக்கு, காற்று புகாத மேற்சட்டை அவசியம். உதிர்கல்லில் கணுக்கால் பிசகுவது இறங்கும்போதுதான், ஆகவே கைத்தடி இல்லாமல் இறங்க வேண்டாம்.