கஷ்டம் தீராதபோது கடவுள் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

கஷ்டம் மேல் கஷ்டமாக வரும்போது கடவுள் நம்பிக்கை தளராமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் நம்பிக்கை தளர்ந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. சித்திரை வெயிலில் ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்க மனமில்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அடுப்படிக்குள் போய், அவர் பார்க்காமல் குடிப்பேன். நாங்கள் இருப்பது பண்ருட்டிப் பக்கம். பலாப்பழக் காலத்தில் தெருவே மணக்கும். பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் அவருக்கு ஒரு சுளைகூடக் கூடாது.

முதல் வருடம் நான் வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை. என் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்று இரவு வீட்டில் விளக்கேற்றவில்லை. அடுத்த நாளும் ஏற்றவில்லை. அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது.

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் எங்களுக்குப் பக்கம். அப்பர் பெருமானின் சூலை நோய், அந்தக் கொடிய வயிற்றுவலி தீர்ந்த தலம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கதையே அப்போது எனக்குக் கசந்தது. அவருக்குத் தீர்ந்தது, எங்களுக்குத் தீரவில்லையே என்றுதான் தோன்றியது. ஒருநாள் அங்கே அப்பரின் அக்கா திலகவதியார் சன்னிதியில் நின்றபோதுதான் அந்த அக்காவின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் பெற்றோரை இழந்தவர். மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். திலகவதியார் தம்பிக்காகவே உயிரோடு இருந்தார். அந்தத் தம்பியும் வேறு சமயம் நாடிப் போய்விட்டார். கெடில நதிக்கரையில் இதே கோயிலில் அந்த அக்கா தினமும் பெருக்கினார், மெழுகினார், பூ கொய்து மாலை கட்டினார். தம்பி திரும்பி வந்தார். ஆனால் கலிப்பகையாரும் பெற்றோரும் வரவில்லையே! இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்காமலே தொண்டு செய்த பெண் ஒருத்தி அந்தக் கதைக்குள்ளேயே இருந்திருக்கிறார். நான் இத்தனை வருடம் தம்பியை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அப்பர் அங்கே பாடிய முதல் பதிகமும் நன்றி சொல்லித் தொடங்கவில்லை. எமனைப் போல வருத்தும் இந்த வலியை விலக்காமல் இருக்கிறீரே என்ற முறையீடுதான் அது. இதை உணர்ந்த பிறகு எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. கடவுளிடம் கோபமாகப் பேசினால் நம்பிக்கை போய்விட்டது என்று பொருளில்லை. எதிரில் அவர் இருக்கிறார் என்பதால்தானே பேசுகிறோம்? உங்களுக்கும் அழுகை வந்தால் அவர் முன்னால் அழுங்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லி உங்கள் வாயை அடைப்பவர்களைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, மனம் தெளிந்த பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். நான் அப்படித்தான் காத்திருந்தேன். மனம் தானாகத் தெளியவில்லை. வெறும் மனத்தோடுதான் மறுபடி விளக்கேற்றினேன். இப்போதெல்லாம் குணமாகட்டும் என்று வேண்டுவதில்லை. ஊசி சரியாக ஏற வேண்டும், நடுவில் ரத்த அழுத்தம் இறங்கக் கூடாது, மாலையில் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று அந்த ஒரு நாளுக்கு மட்டும் கேட்கிறேன். பெரும்பாலான நாட்களில் அது கிடைக்கிறது.

மாற்றுச் சிறுநீரகத்துக்கான அரசுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அழைப்பு இன்னும் வரவில்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சாமிக்குப் பூ கட்ட உட்காரும்போது அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார்.